"என் கண்ணைப் பிடுங்கணுமா அம்மா?": உருவகப் பேச்சைக் கேட்டுப் பயப்படும் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித்தருவது

கடலூரிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகனுக்கு எட்டு வயது. நான்காம் வகுப்பு படிக்கிறான். ஞாயிறு பள்ளியில், செல்போனில் கண்டதையும் பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்த ஆசிரியை, அந்த வாரத்து மனப்பாட வசனமாக மத்தேயு 5:29-ஐக் கொடுத்திருக்கிறார்: "உன் வலதுகண் உனக்கு இடறலுண்டாக்கினால், அதைப் பிடுங்கி எறிந்து போடு." பையன் பிழையில்லாமல் ஒப்பித்துப் பரிசும் வாங்கிவிட்டான். அன்று ராத்திரி படுத்த பிறகு, "பக்கத்து வீட்டு அண்ணன் போன்ல சுடுற கேம் பார்த்தேன். என் கண்ணைப் பிடுங்கணுமா அம்மா?" என்று கேட்டிருக்கிறான். அம்மா பதறிப்போய், "சேச்சே, அது சும்மா. இயேசப்பா அப்படியெல்லாம் சொல்லவே மாட்டார்" என்றிருக்கிறார். அவன் எழுந்து போய் வேதாகமத்தை எடுத்துவந்து வசனத்தைக் காட்டியிருக்கிறான். அதிலிருந்து டி.வி. ஓடும்போதெல்லாம் வலது கண்ணைக் கையால் மூடிக்கொள்கிறான். தூங்குவதற்கு முன் தினமும் அதே கேள்வி.

வீட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இது நடப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால், பள்ளிக்கூடத்தில் மழையைப் பற்றி எழுதிய கட்டுரையில் பையன் "ஊரே மிதந்தது" என்று எழுதியிருக்கிறான். அப்பா அதைப் படித்துவிட்டு, "ஊர் எங்கடா மிதந்தது? பொய் எழுதாதே" என்று அந்த வரியை அழிக்கச் சொல்லியிருக்கிறார். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்ற வசனத்தையும் எழுதவைத்திருக்கிறார். இப்போது ஆயா "பசியில உயிரே போகுது" என்றால், "பொய் சொல்றீங்க ஆயா" என்கிறான் பேரன். கண்ணைப் பற்றிய வசனத்தை அம்மா விளக்கப் போனாலும் அப்பா விடுவதில்லை. "இன்னைக்கு இதை உவமைன்னு நீ சொல்லுவே, நாளைக்கு உயிர்த்தெழுதலையும் உவமைன்னு அவன் சொல்லுவான்" என்கிறார்.

அம்மாவின் கேள்விகள் இவை: பிள்ளையிடம் ஏதாவது குறை இருக்கிறதா? பக்கத்து வீட்டில் ஒருவர் ஆட்டிசமாக இருக்கலாம் என்கிறாரே? பன்னிரண்டு வயது வரைக்கும் வேதாகமக் கதைகளையே ஒத்திப்போட்டுவிடலாமா? ஞாயிறு பள்ளியை நிறுத்திவிடலாமா? கணவர் சொல்வது சரிதானா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு விதமாகப் படித்தேன். பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலில் இருப்பவளாக ஒரு முறை, உங்களைப் போலவே வேத வசனத்தைக் கேட்டு வளர்ந்து அதை நம்புகிறவளாக ஒரு முறை. இரண்டு விதத்திலும் முதலில் எனக்குத் தோன்றியது, உங்கள் மகன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி என்பதுதான். வசனத்தை ஒப்பித்துவிட்டுப் பரிசோடு வீட்டுக்குப் போய் மறந்துவிடும் பிள்ளைகளுக்கு நடுவில், கேட்டதைத் தன்மேல் போட்டுப் பார்த்திருக்கிறான் அவன். அதற்கு ஒழுங்கான பதில் அவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை. பயத்துக்குக் காரணம் அதுதான்.

முதலில் அந்தக் கண்

மற்றதெல்லாம் மெதுவாகப் பேசலாம். இது இன்று ராத்திரியே ஆக வேண்டியது.

"அது சும்மா" என்று இனிமேல் சொல்லாதீர்கள். பதற்றத்தில் எந்த அம்மாவுக்கும் வாயில் வருகிற வார்த்தைதான். ஆனால் அந்த பதிலால் அவன் பயம் கூடியிருக்கிறது. வசனம் அச்சில் இருப்பதை அவன் கண்ணால் பார்த்துவிட்டான். அம்மா இல்லை என்கிறாள், புத்தகம் இருக்கிறது என்கிறது, அப்பா புத்தகத்தின் பக்கம் நிற்கிறார். எட்டு வயதுப் பிள்ளை இதில் எதைத்தான் நம்புவான்? அதோடு, இயேசு அதைச் சும்மா சொல்லவும் இல்லை. மிக அழுத்தமாகச் சொன்னார். அந்த அழுத்தத்துக்காகத்தான் அப்படிப்பட்ட வார்த்தைகளை எடுத்தார்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இயேசப்பா இதைச் சொன்னது நிஜம். ஆனா உன் கண்ணை எடுக்கச் சொல்லலை. கெட்டதைப் பார்க்கணும்னு ஆசை வந்தா யோசிச்சுக்கிட்டே நிக்காதே, உடனே விட்டுடுன்னு ரொம்பக் கண்டிப்பா சொல்றார். கண்ணைக் கொடுத்தவரே அவர்தான். உன் கண்ணை யாரும் எதுவும் செய்ய மாட்டாங்க. நீயும் செய்யக் கூடாது." இதைச் சொல்லும்போது குரலில் தயக்கம் வேண்டாம். கடைசி இரண்டு வாக்கியங்களை விளக்கம் மாதிரிச் சொல்லாமல் உறுதியாகச் சொல்லுங்கள்.

அதன்பின் அவனையே யோசிக்க விடுங்கள். "சரி, வலது கண் இல்லேன்னா இடது கண் அந்த கேமைப் பார்க்காதா?" என்று கேளுங்கள். இந்த வயதில் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட கணக்கு ரொம்பப் பிடிக்கும். பார்க்கும் என்பான். "அப்ப இயேசப்பா கண்ணைப் பத்தி மட்டும் பேசலை போலிருக்கே, வேற எதைப் பத்திச் சொல்றார்?" என்று அடுத்ததைக் கேளுங்கள். பர்திமேயு என்ற குருடனுக்கு அவர் பார்வை கொடுத்த கதையையும் (மாற்கு 10) சேர்த்து வாசியுங்கள். பார்வை கேட்டு வந்தவனுக்குக் கொடுத்து அனுப்பியவர், இருக்கிற பிள்ளையிடம் பிடுங்கச் சொல்வாரா என்று அவனே உங்களைக் கேட்பான். சீஷர்களில் ஒருவராவது கண்ணைப் பிடுங்கிக்கொண்டதாக எங்கேயும் எழுதியில்லை என்பதையும் சொல்லுங்கள். கடைசியாக, அவனால் செய்ய முடிகிற ஒன்றைக் கொடுங்கள். "அந்த கேம் ஓடினா எழுந்து வந்துடு. எழுந்து வர்றதுதான் பிடுங்கி எறியறது." பயந்திருக்கும் பிள்ளைக்கு எதைச் செய்யக் கூடாது என்பதைவிட எதைச் செய்யலாம் என்பதுதான் தெம்பு தரும்.

தினமும் அதே கேள்வியைக் கேட்பது பற்றி ஒரு வார்த்தை. ஒரு முறை முழுமையாகச் சொல்லிவிட்ட பிறகு, ஒவ்வொரு ராத்திரியும் புதிதாகத் தொடங்கி அரை மணி நேரம் விளக்காதீர்கள். "நேத்து பேசினோமே, என்ன சொன்னோம், நீ சொல்லு" என்று அவன் வாயிலிருந்தே வரவழையுங்கள். ஆறுதலைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கும் பழக்கம் ஊறிவிட்டால், பயம் போனாலும் பழக்கம் நிற்கும்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஆபத்தும் உண்டு. கண்ணை மூடிக்கொள்வதோடு நிற்காமல் விரலால் அழுத்துகிறான், குத்திக்கொள்ளப் பார்க்கிறான், "எனக்கு நரகம்தான்" என்கிறான் என்றால் ஒரு நாள் கூடக் காத்திருக்க வேண்டாம். பேசிய பிறகும் இரண்டு மூன்று வாரத்தில் பயம் குறையவில்லை, தூக்கம் கெடுகிறது, பள்ளிக்குப் போக மறுக்கிறான், கை கழுவுவதையோ ஜெபம் செய்வதையோ சரியாக வரவில்லை என்று திரும்பத் திரும்பச் செய்கிறான் என்றாலும் டாக்டரிடம் காட்டுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் கடலூரிலேயே பார்க்கலாம், புதுச்சேரி ஜிப்மரின் மனநலப் பிரிவுக்கும் வரலாம். யாரிடம் போவது என்று குழப்பமாக இருந்தால் அரசின் டெலி-மானஸ் எண் 14416. எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். ஜெபிக்கிற வீட்டுப் பிள்ளையை டாக்டரிடம் கொண்டுபோவதா என்று யாராவது கேட்டால், காய்ச்சல் வந்தபோது எங்கே போனோம் என்று கேளுங்கள்.

மகனிடம் குறை இருக்கிறதா?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அதற்குச் சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "ஊரே மிதந்தது" என்று எழுதியது யார்? அவன்தானே! மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றதைப் பார்த்து, அதை எப்படிச் சொன்னால் படிக்கிறவருக்கு உறைக்கும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. கெடிலம் கரை மீறிய வருஷங்களைப் பார்த்த கடலூர்க்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள், அவன் காதில் விழுந்து கையில் வந்திருக்கிறது. உருவகப் பேச்சு பிடிபடாத பிள்ளையால் அந்த வரியை எழுத முடியாது. எழுதினான், பொய் என்று திட்டு வாங்கினான், அதன்பிறகுதான் எல்லோர் பேச்சையும் சொல்லுக்குச் சொல் பிடிக்கத் தொடங்கினான். அந்த நிலையில் போய் உட்கார்ந்ததுதான் கண் வசனம். ஆக, இது திறமைக் குறைவாக எனக்குத் தோன்றவில்லை. சொல்லுக்குச் சொல் உண்மையாக இல்லாத எதுவும் பொய் என்ற விதியை அவன் நம்பிவிட்டான், அவ்வளவுதான்.

வயதும் இதில் சேர்கிறது. 1976-ல் எலன் வின்னர், ஆன் ரோசன்ஸ்டீல், ஹோவர்ட் கார்ட்னர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்கப் பிள்ளைகளிடம் ஒரு வாக்கியத்தைச் சொல்லி அர்த்தம் கேட்டார்கள். பல வருஷம் சிறையில் வேலை பார்த்த காவலர் ஒருவர் அசைக்க முடியாத கடினப் பாறை ஆகிவிட்டார் என்பது அந்த வாக்கியம். ஆறு முதல் எட்டு வயது வரையுள்ள பல பிள்ளைகள், ஒரு ராஜா மந்திரம் போட்டு அவரைப் பாறையாக்கிவிட்டார் என்றோ, அவர் பாறைச் சுவருள்ள சிறையில் வேலை செய்தார் என்றோதான் சொன்னார்கள். மனம் இறுகிப்போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று பத்து வயதுப் பிள்ளைகள் பலர் பிடித்துவிட்டார்கள். கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டால் சின்னப் பிள்ளைக்கும் புரிகிறது. மனத்துக்குள் நடப்பதைப் பொருளை வைத்துச் சொன்னால் புரிய நாளாகிறது. மத்தேயு 5:29 இரண்டாவது வகை, அதிலும் கடினமானது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வார்கள் என்பது உண்மை. ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு யாரும் வர மாட்டார்கள். மற்ற பிள்ளைகளோடு பழகுவது, முகம் பார்த்துப் பேசுவது, சத்தம், தொடுகை போன்றவற்றைத் தாங்குவது என்று சின்ன வயதிலிருந்தே பல விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதிலும் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் காட்டிக் கேளுங்கள். பக்கத்து வீட்டு அபிப்பிராயத்தைப் பிள்ளையின் காதுபடப் பேச வேண்டாம்.

உங்கள் கணவரின் பயம்

உங்கள் கணவரைப் பிடிவாதக்காரர் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளை பொய் பேசக் கூடாது, விசுவாசத்தை விட்டுவிடக் கூடாது என்ற இரண்டு கவலைகளும் நல்ல தகப்பனின் கவலைகள். அவர் கையிலெடுத்த வழியில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. அதை வேதத்தை வைத்தே சொல்கிறேன். நீங்கள் இதை அவருக்கு வாசித்துக் காட்டலாம். ஆனால் பிள்ளை இருக்கும்போது வேண்டாம், சாப்பாட்டு நேரத்திலும் வேண்டாம்.

அவர் எழுதவைத்த வசனம் மத்தேயு 5:37. பையனைப் பயமுறுத்திய வசனம் 5:29. இரண்டும் ஒரே அதிகாரம், ஒரே மலைப்பிரசங்கம். அதே அதிகாரத்தின் 13-ஆம் வசனத்தில் "நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்" என்கிறார் ஆண்டவர். உள்ளதை உள்ளதென்று சொல்லுங்கள் என்பதற்குச் சொல்லுக்குச் சொல்தான் பேச வேண்டும் என்று அர்த்தம் என்றால், அதைச் சொன்னவரே கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அதை மீறிவிட்டார் என்றாகும். அப்படி யாரும் வாசிப்பதில்லை. அந்த வசனத்துக்கு முன்னால் பின்னால் பாருங்கள், அவர் பேசுவது சத்தியம் பண்ணுவதைப் பற்றி. வானத்தின் பேரில், பூமியின் பேரில் ஆணையிட்டுப் பேச்சுக்குப் பலம் சேர்க்காதே, ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று நம்பும்படி நட என்கிறார்.

பொய் என்றால் என்ன? கேட்கிறவர் தவறானதை நம்பட்டும் என்று சொல்வது. "உயிரே போகுது" என்று ஆயா சொன்னபோது வீட்டில் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. சோறு வந்தது. சொல்ல வந்தது போய்ச் சேர்ந்துவிட்டது, யாரும் ஏமாறவில்லை. கானான் தேசத்துப் பட்டணங்களின் மதில் வானத்தை எட்டுகிறது என்று மோசே ஜனங்களிடம் பேசுகிறார் (உபாகமம் 9:1). யோவான் தன் சுவிசேஷத்தை முடிக்கும்போது, இயேசு செய்ததையெல்லாம் எழுதினால் புத்தகங்களை உலகம் கொள்ளாது என்கிறார். "ஊரே மிதந்தது" என்ற வரிக்கும் இவற்றுக்கும் சொல்முறையில் வித்தியாசம் இல்லை. அந்த வரி நோட்டில் இருக்கட்டும்.

அதற்காக எல்லாவற்றையும் "சும்மா சொன்னேன்" என்று தப்பிக்கவும் விடக் கூடாது. வீட்டுப்பாடம் முடிக்காமல் "முடிச்சுட்டேன்" என்றால் அது பொய்தான். அடுத்தவனை ஏமாற்றிவிட்டு விளையாட்டுக்குத்தானே செய்தேன் என்பவனை நீதிமொழிகள் 26 கொள்ளியும் அம்பும் எறிகிற பைத்தியக்காரனுக்கு ஒப்பிடுகிறது. இந்த எல்லையை உங்கள் கணவர் சொல்லித்தந்தால் பையன் கேட்பான். அவருக்கு அது இயல்பாகவும் வரும்.

இப்போது அவருடைய பெரிய பயத்துக்கு வருகிறேன். உயிர்த்தெழுதலையும் உவமை என்று சொல்லிவிடுவானோ?

யோவான் 2-ஆம் அதிகாரத்தை இருவரும் சேர்ந்து வாசியுங்கள். எருசலேம் தேவாலயத்தில் நின்றுகொண்டு இயேசு, இந்த ஆலயத்தை இடித்துப்போடுங்கள், மூன்று நாளைக்குள்ளே எழுப்புவேன் என்கிறார். கேட்டவர்கள் சுற்றிலும் கட்டடத்தைப் பார்க்கிறார்கள். கட்டவே நாற்பத்தாறு வருஷம் ஆயிற்றே, மூன்று நாளிலா என்கிறார்கள். அங்கே யோவான் ஒரு வரி எழுதுகிறார்: "அவரோ தம்முடைய சரீரமாகிய ஆலயத்தைக்குறித்துப் பேசினார்." உயிர்த்தெழுந்த பிறகு சீஷர்களுக்கு இது ஞாபகம் வந்தது என்றும் சேர்க்கிறார். கவனியுங்கள், ஆலயம் என்றது உருவகம். உயிரோடு எழுந்தது நடந்த காரியம். நடக்கப்போகும் ஒரு காரியத்தைத்தான் அந்த உருவகம் சுட்டுகிறது. உருவகமாகப் பேசினார் என்று ஒத்துக்கொண்டதால் யோவானுக்கு விசுவாசம் குறையவில்லை.

அதே வார்த்தை பிற்பாடு எங்கே வருகிறது தெரியுமா? விசாரணையில். தேவாலயத்தை இடிப்பேன் என்று இவன் சொல்லக் கேட்டோம் என்று சிலர் எழுந்து சொல்கிறார்கள். மாற்கு (14:57) அதைப் பொய்ச்சாட்சி என்கிறார். உருவகமாகச் சொன்னதைக் கட்டடத்துக்குத் திருப்பினார்கள், பேச்சையும் கொஞ்சம் மாற்றினார்கள், அது அவர்மேல் குற்றச்சாட்டாக நின்றது. சொல்லுக்குச் சொல் பிடிப்பதுதான் எப்போதும் பத்திரமான வழி என்று உங்கள் கணவர் நினைத்தால், இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கச் சொல்லுங்கள். பழைய சபையும் அப்படி நினைக்கவில்லை. கி.பி. 325-ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தின் முதல் விதியே, நல்ல உடம்போடு இருந்தும் தன்னைத் தானே ஊனமாக்கிக்கொண்டவர் குருவாக இருக்கக் கூடாது என்பதுதான்.

எது உருவகம், எது நடந்த செய்தி என்று பெரும்பாலான இடங்களில் வேதமே காட்டிவிடுகிறது. உவமையாகப் பேசினார் என்று சுவிசேஷம் எழுதியவர்களே சொல்கிறார்கள். லூக்கா தன் புத்தகத்தின் தொடக்கத்திலேயே, கண்டவர்களிடம் கேட்டு விசாரித்து எழுதுவதாகச் சொல்கிறார். பவுல் உயிர்த்தெழுதலைப் பற்றி எழுதும்போது, ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள், பெரும்பாலானவர்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார், கிறிஸ்து எழவில்லை என்றால் எங்கள் பிரசங்கம் வீண் என்கிறார். கவிதைக்கு யாரும் சாட்சி கூப்பிடுவதில்லை. இந்த வேறுபாட்டைச் சின்ன வயதிலேயே கையில் பிடித்துவிட்ட பிள்ளை, பெரியவனாகி யாராவது குழப்பும்போது தடுமாற மாட்டான். இதைச் சொல்லித்தராமல் வளர்த்தால்தான், மரங்கள் கைகொட்டும் என்று ஏசாயாவில் படித்துவிட்டு "இதுவே நடக்காதே, அப்ப மத்ததும் இப்படித்தானா?" என்று ஒரு நாள் கேட்பான். எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாகத் தெரிகிறது.

சபைக்குச் சபை கருத்து மாறும் இடங்களும் உண்டு. திருவிருந்தில் "இது என்னுடைய சரீரமாயிருக்கிறது" என்ற வார்த்தையை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் சபைச் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் சுவிங்லியும் 1529-ல் மார்புர்க் நகரில் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியும் ஒத்துப்போக முடியவில்லை. அப்படிப்பட்ட கேள்வி வந்தால் உங்கள் ஆயரிடம் அழைத்துப் போங்கள். எட்டு வயதுக்கு அது அவசரமும் இல்லை.

இன்னொன்றும் அவரிடம் சொல்லலாம். தமிழில் அணி இலக்கணம் எழுதியவர்களில் ஒருவர் கிறிஸ்தவ குருவானவர். வீரமாமுனிவர் 1730-ல் எழுதிய தொன்னூல் விளக்கத்தில், எழுத்து, சொல், பொருள், யாப்பு என்ற நான்கோடு அணியும் ஒரு பகுதி. உவமையும் உருவகமும் மிகைப்படுத்திச் சொல்வதும் விசுவாசத்துக்கு ஆகாது என்று அவருக்குத் தோன்றியிருந்தால் அந்த வேலையைச் செய்திருக்க மாட்டார்.

வீட்டில் எப்படித் தொடங்குவது?

பன்னிரண்டு வயது வரை ஒத்திப்போட வேண்டாம். வேதத்தை ஒத்திப்போட்டாலும், "வயிறு எரியுது", "காலை வாரிட்டான்", "கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுத் தேடினேன்" என்று வீடும் தெருவும் பேசுவதை ஒத்திப்போட முடியாது. வேதாகமக் கதைகளை விட்டுவிட்டு, அதிலுள்ள சங்கீதப் பாடல்களை மட்டும் பாடலாம் என்றாலும் முடியாது. கன்மலை, கோட்டை, கேடயம், சிறகு என்று அங்கேதான் உருவகம் அதிகம்.

முதல் வேலை, உவமையில் வரும் பொருளைப் பிள்ளை பார்த்திருக்கிறானா என்று தெரிந்துகொள்வது. பாதிக் குழப்பம் இங்கேதான். என்னிடம் வந்த ஒரு சிறுமிக்கு 23-ஆம் சங்கீதம் என்றாலே முகம் வாடிவிடும். வீட்டில் தினமும் சொல்கிற சங்கீதம். காரணம் கேட்டால் சொல்லவில்லை. தாளையும் கலர் பென்சிலையும் கொடுத்து அதை வரையச் சொன்னேன். புல், ஆறு, ஆடு எல்லாம் அழகாக வந்தன. மேய்ப்பர் கையில் மட்டும் ஒல்லியாக, நுனி வளைந்த பிரம்பு. ஆடு ஓரமாக நின்று இரண்டு முன்னங்கால்களையும் நீட்டிக்கொண்டிருந்தது. பிரம்படிக்குக் கை நீட்டுகிற மாதிரி! "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்" என்ற வரியை அந்தப் பிள்ளை அப்படித்தான் கேட்டிருக்கிறாள். புதுச்சேரி டவுனில் வளர்ந்தவள், மேய்ப்பர் கையில் தடி எதற்கு என்று யாரும் காட்டவில்லை. அறுவடை முடிந்து வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்த இடத்துக்கு அவள் அப்பா அழைத்துப் போனார். ராத்திரி நாய் வந்தால் விரட்ட, எட்டாத கிளையை வளைத்துத் தழை காட்ட, வாய்க்கால் பக்கம் போகிற குட்டியைத் திருப்ப என்று கிடைக்காரர் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாராம். அதன்பிறகு அந்தச் சங்கீதத்தை விளக்க யாருக்கும் வேலை இருக்கவில்லை.

உங்களுக்குக் கடல் பக்கம். வலை, மீன், புயல், படகு எல்லாம் தேவனாம்பட்டினத்தில் கண்ணெதிரே இருக்கின்றன. மனுஷரைப் பிடிக்கிறவர்களாக்குவேன் என்ற வார்த்தையை, வலை இழுப்பதை வேடிக்கை பார்த்தபடியே பேசுங்கள். புளித்த மாவைப் பற்றிய உவமைக்கு உங்கள் இட்லி மாவுப் பாத்திரம் போதும்.

இரண்டாவது, வரிசை. "போல" என்று வெளிப்படையாக வரும் இடங்களில் தொடங்குங்கள். நீர்க்கால்களின் ஓரத்து மரத்தைப் போல் (சங்கீதம் 1) என்பது எட்டு வயதுக்குச் சுலபம். அது பழகிய பிறகு "நானே நல்ல மேய்ப்பன்", "நானே வாசல்" போன்றவை. மிகைப்படுத்திச் சொல்வதற்கு உங்கள் மகன் விஷயத்தில் நான் மத்தேயு 7-ஐத்தான் எடுப்பேன். அடுத்தவன் கண்ணில் துரும்பு, தன் கண்ணில் உத்திரம். அதே பிரசங்கம், அதே கண். ஓர் ஒட்டடைக் கம்பை அப்பா தன் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, "வா, உன் கண்ணுல தூசி இருக்கு, எடுக்கறேன்" என்று கிட்டே வரட்டும். பையன் சிரிப்பான். சிரித்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். உத்திரம் கண்ணுக்குள் போகாது என்று தானே கண்டுபிடிப்பான், கண்ணைப் பிடுங்கச் சொல்லும் வசனத்துக்கும் அதே சாவிதான்.

மூன்றாவது ஒரு விளையாட்டு: சொன்னது என்ன, சொல்ல வந்தது என்ன? "தலையே வெடிக்குது" என்று யாராவது சொன்னால், சொன்னது தலை வெடிப்பதை, சொல்ல வந்தது தலைவலியை. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று போதும். ஆயாவை இதில் சேருங்கள், அவரிடம் இருக்கும் பழமொழியும் சொலவடையும் உங்களிடமும் என்னிடமும் இருக்காது. பேரனிடம் "பொய் சொல்றீங்க" என்று கேட்டு அவர் மனம் நொந்திருக்கும், அதற்கும் இது மருந்து. புரியாமல் அவன் தப்பாகச் சொன்னால் யாரும் சிரிக்க வேண்டாம். நிக்கொதேமு வயதானவர், வேதம் படித்தவர். மறுபடி பிறக்க வேண்டும் என்று கேட்டதும் தாயின் கர்ப்பத்துக்குள் திரும்பப் போக முடியுமா என்று அவரே கேட்டார். இந்தக் கதையைப் பையனுக்குச் சொல்லுங்கள், தைரியம் வரும்.

ஞாயிறு பள்ளியை நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாம் என்பது என் கருத்து. இப்போது நிறுத்தினால், அங்கே ஏதோ ஆபத்து இருந்தது, அம்மாவே பயந்துவிட்டாள் என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். ஆசிரியையைத் தனியாகப் பாருங்கள். சம்பளம் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வேலையையும் முடித்துவிட்டு வந்து சொல்லித்தருகிறவர் அவர். புகாராகப் போகாமல், நடந்ததை மட்டும் சொல்லுங்கள். அடுத்த வாரம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளிடமும் அந்த வசனத்தை விளக்கிவிடும்படி கேளுங்கள். உங்கள் மகன் வாயைத் திறந்து கேட்டுவிட்டான், கேட்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை அந்த வகுப்பில் இன்னொன்று இருக்கலாம். மனப்பாட வசனங்களை வயதுக்குத் தக்கபடி பிரித்துக் கொடுக்கலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஆயரிடம் பேசுவது உங்கள் உரிமை, அதில் தயங்க ஒன்றுமில்லை.

கொஞ்ச நாளைக்கு நீங்களோ உங்கள் கணவரோ வகுப்பில் பின்னால் உட்காருங்கள். கணவர் உட்கார்ந்தால் ரொம்ப நல்லது. என்ன சொல்லித்தருகிறார்கள், பிள்ளைகள் முகத்தில் அது என்ன ஆகிறது என்று அவரும் பார்க்கட்டும்.